பூட்டிய போனிலிருந்து பதினொரு அழைப்புகள்

சவப்பெட்டிக் கடைக்காரர் பயந்துபோயிருந்தார். சாவுக்கு அல்ல, அது அவருடைய நிரந்தர வாடிக்கையாளர். ஒரு பெண்ணின் குரலுக்கு.

"பதினோரு தடவைங்க," என்றார், இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு. "காலையில ஆறேகாலுக்கு மணி அடிக்கும். எடுத்ததும், 'கவலைப்படாதீங்க, இனிமே நாங்க பாத்துக்கறோம்'பேன்."

"யாருன்னு கேக்கறதுக்கு முன்னாடியேவா?" என்றாள் அண்ணி.

"எங்க தொழில் வழக்கம் அதும்மா. போனை எடுத்ததும் கடைப் பேரைச் சொல்லமாட்டோம். துக்கத்துல கூப்பிடறவங்க காதுல சவப்பெட்டின்னு விழவேண்டாமேன்னு. ஆனா இந்தப் பொண்ணு துக்கத்துல இல்ல. 'அப்பாடா! விஷயம் ரகசியமா இருக்கட்டும், ஆள் யாருன்னு நேர்ல சொல்றேன், எத்தனை நாள்ல முடிப்பீங்க?'ங்குது. உயிரோட இருக்கற ஆளுக்கு ஆர்டர்! பட்டுனு வெச்சிட்டேன். அதுக்கப்புறம் அந்தக் குரல் வந்தாலே வெச்சிடறேன்."

"அளவு கேட்டிருக்கலாமே," என்றான் கொழுந்தன். அவன் ஒரு புதுப் பெட்டிக்குள் இறங்கி, கால் நீட்டிப் படுத்து, வசதி பார்த்துக்கொண்டிருந்தான். "அளவை வெச்சே ஆளைக் கண்டுபிடிச்சிருப்போம். அண்ணி, நம்ம வீட்டுக் கட்டிலுக்கு இது எவ்வளவோ தேவலை."

"மூடியையும் போட்டுப் பாத்துடலாமா?"

அவன் எழுந்துவிட்டான்.

அண்ணி என்பது அவளுடைய பெயர் இல்லை. ஆனால் கொழுந்தன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது தெருவே அவளை அப்படித்தான் அழைத்தது. அவள் கணவன் இரண்டு வருடத்துக்கு முன்னால் தலைவலி மாத்திரை வாங்கப் போனவன். மருந்துக் கடை இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. அவன் இன்னும் திரும்பவில்லை. அதன் பிறகு அவள் துப்பறியும் நிலையம் ஆரம்பித்தாள். அவன் தம்பி உதவியாளனாக வந்து சேர்ந்தான். காணாமல் போன சைக்கிள், நாய், மாப்பிள்ளை எல்லாவற்றையும் தேடிக் கொடுத்தார்கள். மாத்திரை வாங்கப் போனவனை மட்டும் யாரும் தேடச் சொல்லவில்லை, அவளும் தேடவில்லை. அதைப் பற்றி இருவரும் பேசியதும் இல்லை. ஒலிக்காத போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பழக்கம் மட்டும் அவளிடம் தங்கிவிட்டது.

மூன்று வாரம் ஊமையாக இருந்த அந்தப் போன் நேற்று ஒலித்தது. வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதியின் வார்டன். சவப்பெட்டிக் கடைக்காரர் புகார் கொடுக்க, டெலிபோன் ஆபீஸ் பட்டியல் எடுக்க, பதினொரு அழைப்பும் விடுதிப் போனிலிருந்து போனது தெரிந்துவிட்டது. அந்தப் போனுக்குப் பூட்டு உண்டு. பூட்டுக்கு ஒரே சாவி. சாவி வார்டனிடம். இன்று மாலை ஐந்து மணிக்கு விடுதிச் செயலாளர் வந்து அவளை வேலையிலிருந்து அனுப்பப்போகிறார். இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு விடுதிதான் வீடு. வேலை போனால் வீடும் போகும்.

"அஞ்சு மணிக்குள்ள முடிக்கணும்," என்றாள் அண்ணி, தெருவில் இறங்கி.

"பஸ்ஸுக்குச் சில்லறை?" என்று கொழுந்தன் அவள் கைப்பைக்குள் கையை விட்டான்.

"உள்பையைத் தொடாதே."

"ரெண்டு வருஷமா அதைத்தான் சொல்றீங்க," என்றான் அவன், வெளிப்பையிலிருந்து சில்லறையைப் பொறுக்கிக்கொண்டு.

*

விடுதிக்கு அவர்கள் டெலிபோன் ரிப்பேர் ஆட்களாகப் போனார்கள். வார்டனின் யோசனை அது, தங்கியிருப்பவர்களுக்கு விஷயம் தெரிய வேண்டாம் என்று. கொழுந்தன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர்தான் மொத்த வேஷமும்.

ஆபீஸ் அறை மேஜை மேல் போன் இருந்தது. பொத்தான்களை மறைத்து ஒரு தகர மூடி, மூடியில் சின்னப் பூட்டு. ரிசீவரை யாரும் எடுக்கலாம், வருகிற அழைப்பில் பேசலாம். வெளியே கூப்பிட முடியாது.

"சாவி எங்கே வைப்பீங்க?"

வார்டன் இடுப்பைத் தட்டிக் காட்டினாள். ஒரு வளையத்தில் ஒரே மாதிரி இரண்டு குட்டிச் சாவிகள். "குளிக்கப் போனாக்கூட இது இடுப்பை விட்டு இறங்காதும்மா."

"தயவுசெஞ்சு இதைச் செயலாளர்கிட்ட சொல்லாதீங்க," என்றான் கொழுந்தன். "தூக்குக் கயித்தை நீங்களே திரிச்சுக் குடுக்கற மாதிரி இருக்கு."

"இங்கே தங்கியிருக்கறவங்க யார் யாரு?" என்று கேட்டாள் அண்ணி.

வார்டனின் முகம் முதல் முறையாக மலர்ந்தது. ஒன்றாம் அறை நர்ஸ், நிச்சயமான கல்யாணம் முறிந்துவிட்டது. இரண்டாம் அறை துணிக்கடைப் பெண், தம்பி பரீட்சையில் தவறிவிட்டான். மூன்றாம் அறை கணக்கு டீச்சர். "பாவம், யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசமாட்டா. சொந்த அண்ணன் கல்யாணத்துக்கே அவளைக் கூப்பிடலை. என்ன மனுஷங்களோ."

சொல்லும்போது அவள் கண்கள் ஈரமாயின. அடுத்தவர் துக்கத்தை இவ்வளவு அன்போடு யாரும் அடுக்கி வைத்து அண்ணி பார்த்ததில்லை. அது அவளுக்குள் எங்கோ நெருடியது. என்னவென்று பிடிபடவில்லை.

"எங்க நிலையத்தை எப்படித் தெரியும்?"

"பேப்பர்ல விளம்பரம் வந்துச்சே, விலாசம் இல்லாம வெறும் நம்பரோட. இங்கே வர்ற பேப்பரை முதல்ல நான்தான் படிப்பேன். நல்லதாப் போச்சு, சாயங்காலமே யாரோ அந்த இடத்தைக் கத்தரிச்சுட்டாங்க."

சமையல்காரம்மா வாசலில் வந்து நின்றாள். "ஏன் தம்பி, அந்தப் போன்ல கிளி எதுவும் மாட்டியிருக்கா?"

"கிளியா?"

"காலையில அடுப்பு பத்த வெக்கறப்ப ஆறு தடவை கீச்சுக் கீச்சுன்னு சத்தம் வரும். ஜன்னலைத் திறந்து பாத்தா ஒண்ணையும் காணோம்."

ஆறு தடவை. அந்த ஊர் போன் எண்கள் ஆறு இலக்கம். அண்ணி கொழுந்தனைப் பார்த்தாள். அவன் ஆறு மாதம் டெலிபோன் ரிப்பேர் படித்து, பரீட்சைக்கு முதல் நாள் விட்டவன். எதையும் ஆரம்பிக்கிற திறமை அந்தக் குடும்பத்திலேயே உண்டு.

"நம்பர் போடற சத்தமா இருக்கலாம் அண்ணி," என்று அவன் மேஜை மேல் ஏறி உட்கார்ந்தான். "பொத்தானை அழுத்தினா என்ன ஆகுது? லைன்ல ஒரு சத்தம் போகுது, அவ்வளவுதான். ஒவ்வொரு பொத்தானுக்கும் ரெண்டு சுரம். எந்த வரிசைன்னு சொல்ல ஒரு கட்டைச் சுரம், அந்த வரிசையில எத்தனாவதுன்னு சொல்ல ஒரு கீச்சுச் சுரம். ரெண்டும் சேர்ந்து வந்தா எக்ஸ்சேஞ்சு நம்பிடும். பொத்தான்லேருந்து வந்துச்சா, வேற எங்கேருந்து வந்துச்சான்னு அது கேக்காது."

"அப்ப பூட்டு?"

"பூட்டு கைக்குத்தான். வாய்க்கு இல்ல." ரிசீவரை எடுத்து அதற்குள் விசிலடித்தான். டயல் டோன் பொறுமையாக உறுமிக்கொண்டே இருந்தது. "முடியாது. ஒரே நேரத்துல ரெண்டு சுரத்துக்கு ரெண்டு வாய் வேணும்."

"உன் ஒரு வாயே பத்து வாய்க்குச் சமம். அதாலேயே முடியலேன்னா மெஷின்தான்."

அவள் ரிசீவரை வாங்கி, பேசும் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். ஓட்டைகளின் ஓரத்தில் பிசுக்கு. நகத்தால் சுரண்டினாள். காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியின் வெள்ளை நூல் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது.

"நர்ஸ்!" என்றான் கொழுந்தன். "கேஸ் முடிஞ்சுது. மணி மூணரைதான். படத்துக்குப் போயிட்டு வரலாம்."

ஒன்றாம் அறை நர்ஸ் கதவைப் பாதிதான் திறந்தாள். "பிளாஸ்திரியா? கணக்கு டீச்சர் கேட்டா, குடுத்தேன். விரல்ல வெட்டுன்னா. நான் பாத்தப்ப பத்து விரலும் ஜம்முனு இருந்துச்சு. எதுக்குன்னு கேட்டா வகுத்துக் காட்டுவான்னு விட்டுட்டேன்."

*

மூன்றாம் அறையில் கணக்கு டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். கட்டில், மேஜை, ஒரு நாற்காலி, அதில் உட்கார வைக்க யாரும் இல்லாததால் புத்தகங்கள்.

"லைன் செக்கிங்," என்றான் கொழுந்தன், ஸ்க்ரூடிரைவரை உயர்த்தி.

"என் ரூம்ல லைன் இல்லையே."

அண்ணியின் கண் மேஜை மேல் இருந்தது. வரைபடம் போடும் பெரிய கால்குலேட்டர் ஒன்று. அதன் அடியில் சின்னத் துளை, துளையில் செருகிய இயர்போன். காதில் வைக்கும் இரண்டு குமிழும் முகத்தோடு முகம் பார்க்காமல், ஒரே திசை பார்த்தபடி, பிளாஸ்திரியால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.

"கால்குலேட்டர்ல பாட்டு கேப்பீங்களா டீச்சர்?"

டீச்சர் அடுத்த விடைத்தாளைப் புரட்டினாள்.

"இந்த இயர்போனை எந்தக் காதுல மாட்டுவீங்க? ரெண்டு குமிழும் ஒரே காதுக்குள்ள போகாது. ரெண்டு காதுக்கும் எட்டாது. ஆனா போன் ரிசீவரோட வாய்க்கு அளவெடுத்த மாதிரி இருக்கு."

கொழுந்தன் குனிந்து பார்த்தான். அவன் குரலில் கிண்டல் காணாமல் போயிருந்தது. "ஒரு குமிழ்ல கட்டைச் சுரம், ஒரு குமிழ்ல கீச்சு. கால்குலேட்டர்ல வயர் செருகற துளையையே ஊத வெச்சிருக்கீங்க! டீச்சர், எனக்கு நீங்க பாடம் எடுத்திருந்தா நான் படிச்சு முடிச்சிருப்பேன்."

"புரோகிராம் எழுதறது குத்தமா?" என்றாள் டீச்சர், தாளிலிருந்து தலை நிமிராமல். "ஒரு பழைய புத்தகத்துல எந்த வரிசைக்கு எந்தச் சுரம்னு அட்டவணை இருந்துச்சு. முடியுமான்னு பாத்தேன். முடிஞ்சுது."

"வாசல்ல போன் பூத் இருக்கே?" என்றாள் அண்ணி.

"அது வார்டனோட தங்கச்சி பூத். அங்கே தும்மினா இங்கே ஆவி பிடிக்கச் சொல்லுவாங்க."

"சவப்பெட்டிக் கடையில என்ன சொல்லி வெச்சீங்க?"

இப்போது அவள் நிமிர்ந்தாள். உண்மையாகவே திகைத்த முகம். "சவப்பெட்டியா? நான் கூப்பிட்ட இடம் அது இல்லை. எடுக்கறாங்க, நல்லபடியா ரெண்டு வார்த்தை பேசறாங்க, லைன் கட்டாயிடுது. சுரம்தான் சரியில்லையோன்னு ஒவ்வொரு தடவையும் புரோகிராமைத் திருத்தறேன். யாரைக் கூப்பிட்டேன்னு டெலிபோன் ஆபீஸ்காரங்ககிட்ட சொல்லவேண்டிய அவசியம் எனக்கு இல்லை."

"இதனால அஞ்சு மணிக்கு வார்டனுக்கு வேலை போகுது."

டீச்சரின் சிவப்புப் பேனா ஒரு கணம் நின்றது. "போகட்டும்," என்றாள். பிறகு முழுக்கச் சரியாகப் போடப்பட்டிருந்த ஒரு கணக்கைக் குறுக்கே அடித்தாள்.

அண்ணி அதைப் பார்த்தாள். கோபத்தில் இருக்கிறவர்கள் பொய் சொல்வதுண்டு. ஆனால் கோபத்தில் சரியான கணக்கை அடிக்கிற கணக்கு டீச்சர் பொய் சொல்லமாட்டாள், அவளுக்கு அந்த அளவுக்கு நிதானம் மிச்சமில்லை.

"இதை ஒரு மணி நேரம் கடன் வாங்கிக்கறேன்," என்று கால்குலேட்டரை எடுத்துக்கொண்டாள்.

*

நாலே முக்கால். ஆபீஸ் அறை. வார்டன் தன் பெட்டியைக் கட்டிக் கதவருகே வைத்துவிட்டாள். இருபத்திரண்டு வருடத்துக்கு ஒரு பெட்டி, அதுவும் சின்னது.

"டீச்சர்தான் கூப்பிட்டாங்கன்னு சொல்லிடலாம் அண்ணி," என்றான் கொழுந்தன் மெதுவாக. "இந்தம்மா தப்பிச்சிடுவாங்க."

"டீச்சர் தெருவுக்குப் போவாங்க. நம்மளைக் கூப்பிட்டது ஒருத்தரைத் தெருவுலேருந்து காப்பாத்த, இன்னொருத்தரை மாத்தி அனுப்ப இல்ல." அவள் கால்குலேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்க ஒரு நம்பரை அழுத்தறாங்க, வேற நம்பர் போகுது. பதினோரு தடவையும் அதே வேற நம்பர். கைத்தவறுன்னா பதினோரு தடவை ஒரே மாதிரி தவறாது. வார்டனம்மா, அந்தத் தகர மூடியைக் கொஞ்சம் திறங்க."

வார்டன் திறந்தாள். அண்ணி போனின் பொத்தான்களைப் பார்த்தாள். கால்குலேட்டரின் பொத்தான்களைப் பார்த்தாள். மறுபடியும் போனை. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"முடிஞ்சுது," என்றான் கொழுந்தன் வார்டனிடம். "இனிமே பூட்டலாம். அவங்களையும் சேர்த்து."

செயலாளர் சரியாக ஐந்துக்கு வந்தார், தட்டச்சு செய்த கடிதத்தோடு. அவர் உட்காருவதற்குள் அண்ணி வார்டனின் வளையத்திலிருந்து போன் பூட்டின் சாவியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"பூட்டியிருக்கான்னு இழுத்துப் பாருங்க. பாத்தீங்களா? சாவியை உங்க பாக்கெட்ல வெச்சுக்குங்க. இப்ப நான் ஒரு நம்பருக்குப் போன் பண்றேன்."

கொழுந்தன் இயர்போன் குமிழ்களை ரிசீவரின் வாயில் வைத்து அழுத்திப் பிடித்தான். அவள் கால்குலேட்டரில் ஆறு பொத்தான்களை அழுத்தினாள். ஆறு கீச்சு. சமையலறையிலிருந்து, "பாத்தீங்களா, கிளி!" என்று குரல் வந்தது. எதிர்ப்பக்கம் மணி ஒலித்தது. அண்ணி ரிசீவரைச் செயலாளரின் காதில் வைத்தாள்.

"கவலைப்படாதீங்க," என்றது ஒரு குரல். "இனிமே நாங்க பாத்துக்கறோம்."

செயலாளர் ரிசீவரைத் தேளைப் போலக் கீழே வைத்தார். "சவப்பெட்டிக்காரன்! நீங்க அவன் நம்பரைத்தானே அழுத்தினீங்க, பட்டியல்ல இருந்த 824731?"

"இல்லைங்க." கைப்பையின் வெளிப்பையிலிருந்து தன் விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினாள். "இதுல இருக்கற நம்பரை அழுத்தினேன்."

கார்டில் துப்பறியும் நிலையம் என்று இருந்தது. கீழே 284197.

"போன்ல ஒண்ணு, ரெண்டு, மூணு மேல் வரிசையில இருக்கும். கால்குலேட்டர்ல ஏழு, எட்டு, ஒன்பதுதான் மேல் வரிசை. சுரம் வரிசைக்கு வரிசை மாறும். புரோகிராம் எழுதினவங்க புத்தகத்துல 'முதல் வரிசை'ன்னு பாத்ததும், கை பழகின கால்குலேட்டரோட முதல் வரிசையை நினைச்சுட்டாங்க. போனை ஒரு தடவை பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஆனா நீங்கதான் நாலு வருஷமா அதுக்கு மூடி போட்டு வெச்சிருக்கீங்களே. ரெண்டுக்கு எட்டு போச்சு, ஒண்ணுக்கு ஏழு போச்சு. எங்களைக் கூப்பிட்டது அங்கே போச்சு."

"நம்மகிட்டயும் சவப்பெட்டிக்காரர்கிட்டயும் ஆளுங்க ஒரே மாதிரிதான் பேசுவாங்க போலிருக்கு," என்றான் கொழுந்தன், யாரிடம் என்றில்லாமல்.

செயலாளர் கடிதத்தைப் பார்த்தார். "யாரு? யாரு கூப்பிட்டது?"

"என்னைக் கூப்பிட்டவங்க என் கட்சிக்காரங்க. பேர் சொல்லமாட்டேன். உங்களுக்குத் தெரியவேண்டியது ஒண்ணுதான்: இந்தச் சாவி இல்லாமலே இந்தப் போனைப் பேச வைக்கலாம். வார்டனைத் துரத்த இது காரணம் ஆகாது."

அவர் சற்று நேரம் பூட்டை இழுத்துப் பார்த்தார். பிறகு கடிதத்தை நாலாகக் கிழித்து, சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு, சவப்பெட்டிக்காரருக்குச் சமாதானம் சொல்லக் கிளம்பினார்.

வார்டன் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போதுதான் கதவருகே கணக்கு டீச்சர் நிற்பதைப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"நீங்கதானா 284197?"

"நானேதான். பதினோரு தடவை கூப்பிட்டிருக்கீங்க. என்ன கேஸ்?"

டீச்சர் வார்டனைப் பார்த்தபடியே சொன்னாள்: "எனக்கு வர்ற லெட்டர் எல்லாம் பிரிச்சு ஒட்டினதா வருது. யார் படிக்கறாங்கன்னு கண்டுபிடிக்கணும். கேஸை எடுத்துப்பீங்களா?"

மத்தியானம் நெருடியது எது என்று இப்போது அண்ணிக்குத் தெரிந்தது. யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதவளின் அண்ணன் கல்யாணம் வார்டனுக்கு எப்படித் தெரியும்?

"எடுத்துக்கிட்டேன். முடிஞ்சும் போச்சு," என்றாள். "வார்டனம்மா, எல்லாரும் ஒரு சாவியைப் பத்தியே பேசிட்டிருந்தோம். உங்க இடுப்புல ரெண்டு இருந்துச்சு. இன்னொண்ணு விடுதித் தபால் பெட்டியோடதுதானே?"

வார்டன் மறுக்கவில்லை. "கெடுதல் ஒண்ணும் பண்ணலம்மா. எனக்கு லெட்டர் போட யாரு இருக்கா? படிச்சிட்டு ஒட்டி வெச்சிடுவேன்."

"அண்ணன் கல்யாணம் எனக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள் டீச்சர். "அதுக்கு நான் அழுதது என் ரூம்ல, கதவைச் சாத்திட்டு. நீங்க?"

"நான் சமையலறையில," என்றாள் வார்டன், மிகச் சின்னக் குரலில்.

டீச்சர் கையை நீட்டினாள். வார்டன் வளையத்திலிருந்து சாவியைக் கழற்றினாள். வளையம் இறுகியிருந்ததால் நேரம் பிடித்தது. டீச்சர் அவசரப்படுத்தவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, கதவருகே இருந்த வார்டனின் சின்னப் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

*

பஸ் நிறுத்தத்தில் அண்ணி கைப்பையை அணைத்துக்கொண்டு நின்றாள். கொழுந்தன் இரண்டு ஜோக் சொல்லிப் பார்த்தான். மூன்றாவதைப் பாதியில் நிறுத்தினான்.

அவள் கைப்பையைத் திறந்தாள். உள்பையின் பித்தானைக் கழற்றி ஓர் உறையை வெளியே எடுத்தாள். மூலைகள் மழுங்கிப்போயிருந்தன.

"இது உனக்கு வந்தது," என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். "உங்க அண்ணன்கிட்டேருந்து. ரெண்டு வருஷம் ஆச்சு. பிரிச்சுப் படிச்சிட்டு ஒட்டி வெச்சிட்டேன். அந்தம்மாவை அப்படிக் கேட்டுட்டு நான்..."

அவன் உறையை வாங்கவில்லை. "நீங்க ஒட்டினது சரியில்ல அண்ணி. போன வருஷம் சில்லறை தேடறப்ப என் கையிலேயே பிரிஞ்சுது. திருப்பி நல்ல பசையா வாங்கி ஒட்டினது நான்தான்."

அவள் திரும்பினாள். "ஒரு வருஷமாத் தெரியுமா? ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"என்ன எழுதியிருந்தான்? 'நான் நல்லா இருக்கேன், அவகிட்ட சொல்லாதே.' அண்ணன் பேச்சை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்."

பஸ் திருப்பத்தில் தெரிந்தது. அண்ணி கைப்பையை மூடாமல், உள்பை திறந்தபடியே அவனிடம் நீட்டினாள்.

"சில்லறை எடு," என்றாள்.